ட்வேன் எடியின் ‘ட்வாங்’: தண்ணீர்த் தொட்டியும் தடித்த தந்தியும்

கேள்வி இரண்டு பகுதி கொண்டது. 1958-ல் வந்த ‘ரெபெல் ரவுசர்’ பதிவில் அமெரிக்கக் கிதார்க்கலைஞர் ட்வேன் எடியின் கிதார் அவ்வளவு பெரிதாக ஒலிப்பது எப்படி, இன்று வீட்டில் இருப்பதை வைத்து அதை நெருங்க முடியுமா என்பது ஒன்று. பாட்டே இல்லாமல் கிதாரை மட்டும் வைத்து ஒருவர் ராக் அண்ட் ரோல் காலத்தில் எப்படி நட்சத்திரமானார், அந்த வெளிச்சம் ஏன் ஐந்தாறு ஆண்டுகளில் மங்கியது என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் அவருடைய தொழில்வாழ்க்கை முழுக்க ‘ட்வாங்’ என்று பெயர் பெற்ற அந்த ஒரே ஒலியின் மேல் நின்றது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் அதுதான்.

எடி பிறந்தது 1938 ஏப்ரல் 26, நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில். ஐந்து வயதில் கிதார் தொட்டவர். 1951-ல் குடும்பம் அரிசோனாவுக்குக் குடிபெயர்ந்தது. கூலிட்ஜ் என்ற சிற்றூரில் ஜிம்மி டெல்பிரிட்ஜுடன் சேர்ந்து ‘ஜிம்மி அண்ட் ட்வேன்’ என்று அமெரிக்க ‘கன்ட்ரி’ பாணியில் பாடிக்கொண்டிருந்தார். அதே ஊர் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர் லீ ஹேசல்வுட். இந்தச் சந்திப்புதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஹேசல்வுட் வாத்தியக்காரர் அல்ல. ஆனால் ஒரு ஒலி எங்கே இடம் பிடிக்கும், எங்கே காணாமல் போகும் என்று கண்டுபிடிக்கும் காது அவருக்கு இருந்தது. பின்னாளில் பாடகி நான்சி சினாட்ராவுக்குப் பாட்டு எழுதிப் புகழ்பெற்றவரும் இவரேதான்.

எடிக்குப் பிடிபட்ட விஷயம் எளிது: கிதாரின் மெல்லிய மேல்தந்திகளைவிடத் தடித்த கீழ்த்தந்திகள் ஒலிப்பதிவில் வலுவாக விழுகின்றன. அன்றைய கிதார்க்காரர்கள் பெரும்பாலும் மேல்ஸ்தாயியில் வேகம் காட்டினார்கள். எடி மெட்டையே மந்தர ஸ்தாயிக்கு இறக்கினார். பிருகா கிடையாது. ஒரு சுரம், அதற்குப் போதுமான கார்வை, பிறகு அடுத்த சுரம். இதை அவர்தான் முதலில் செய்தார் என்று எழுதுபவர்கள் உண்டு, அது சரியில்லை. 1957 இறுதியில் பில் ஜஸ்டிஸ் பெயரில் வந்த ‘ராஞ்சி’ பதிவிலேயே சிட் மேங்கர் கீழ்த்தந்தி கிதாரால் மெட்டைத் தூக்கியிருக்கிறார். அது அமெரிக்காவின் பில்போர்ட் ஹிட் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. எடி செய்தது வேறு. ஒரு பதிவில் வந்துபோன உத்தியை எடுத்து அதையே தன் குரலாக்கிக்கொண்டார்.

1957-ல் பீனிக்ஸ் நகரக் கடையொன்றில், கையிலிருந்த லெஸ் பால் கிதாரைக் கொடுத்துவிட்டு கிரெட்ச் 6120 வாங்கினார். கிதார்க்கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரில் வந்த மாடல் அது. இந்த மாற்றம் ஏன் முக்கியம் என்றால், லெஸ் பால் திட மரம், கிரெட்ச் உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டி. ஓங்கித் தட்டினால் சுரத்தின் தொடக்கத்தில் ஒரு ‘டங்’ விழும், அதன் பிறகு ஒலி சற்று விரைவாகவே தணியும். அதில் தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் டிஆர்மண்ட் பிக்கப்புகள் ஒற்றைச் சுருள் கொண்டவை, தந்திக்கு ஒரு பெரிய காந்தம். சிக்னல் பலமாக வரும், அதே நேரம் தடித்த தந்தியின் மேல்சுரங்களும் (ஆதாரச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் ஓவர்டோன்கள்) கலங்காமல் கேட்கும். மூன்றாவது அம்சம், வால்பகுதியில் இருக்கும் பிக்ஸ்பி கைப்பிடி. அதை அழுத்தினால் ஆறு தந்திகளின் சுருதியும் சேர்ந்து இறங்கும்.

அந்த ஆண்டின் இறுதியில் பதிவான ‘மூவின் அண்ட் குரூவின்’ 72-ஆம் இடத்தோடு நின்றது. அதன் ஆரம்பத் துணுக்கு சக் பெரியிடமிருந்து வந்தது. பின்னர் பீச் பாய்ஸ் தங்கள் ‘சர்ஃபின் யு.எஸ்.ஏ.’ தொடக்கத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த இசைத்தட்டுதான் ‘ரெபெல் ரவுசர்’. 1958 கோடையில் ஆறாம் இடம்.

இனி அந்தத் தொட்டி. பீனிக்ஸில் ஃபிலாய்ட் ராம்சே நடத்திய ‘ஆடியோ ரெக்கார்டர்ஸ்’ ஸ்டூடியோவில் எதிரொலி அறை இல்லை. ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் சிமென்ட் பூசிய தனி அறையே இருக்கும். இங்கே அதற்குப் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஹேசல்வுட் பழைய தொட்டிகள் கிடக்கும் இடத்துக்குப் போய், ஒவ்வொன்றுக்குள்ளும் கத்திப் பார்த்து, 2,000 கேலன் கொள்ளளவுள்ள இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நம் கணக்கில் ஏறக்குறைய 7,500 லிட்டர். விலை 200 டாலர். ஸ்டூடியோவுக்கு வெளியே வைத்து, ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். உள்ளே வாசிப்பது கம்பி வழியாகத் தொட்டிக்குப் போய், இரும்புச் சுவர்களில் மோதி, மைக் வழியாகத் திரும்பி வந்து மூல ஒலியோடு கலக்கும். தொட்டி திறந்தவெளியில் இருந்ததால் பறவை வந்து உட்கார்ந்து கத்தினாலும், தெருவில் சைரன் போனாலும் மைக் பிடித்துவிடும். பறவையை விரட்டிவிட்டுத்தான் மறுபடி டேக் எடுக்க வேண்டும்.

தொட்டியின் ஒலி மற்ற எதிரொலிகளிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று புரிந்தால்தான் இன்று அதைச் சரியாகப் போலச் செய்ய முடியும். மெம்பிஸ் சன் ஸ்டூடியோ பாணி எதிரொலி டேப்பிலிருந்து வருவது. பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் சுமார் 133 மில்லிவினாடி தாமதம் வரும். காதுக்கு அது தனியான இரண்டாவது அடியாகக் கேட்கும். தொட்டியில் அப்படியில்லை. மூன்று மீட்டர் நீளம் என்று வைத்தாலும், ஒலி ஒருமுறை போய்த் திரும்ப 18 மில்லிவினாடிகூட ஆகாது. மோதல்கள் அவ்வளவு நெருக்கமாக வருவதால் அவை ஒன்றோடொன்று ஒட்டி, சுரத்தின் பின்னால் ஒரு வால் போல நீளும். இரும்பு ஆனதால் அந்த வாலில் ஓர் உலோகச் சாயல். இது ஸ்பிரிங் ரிவெர்பும் (சுருள்கம்பி வழியே உண்டாக்கும் எதிரொலி) அல்ல. ஃபெண்டரின் தனி ஸ்பிரிங் பெட்டியே 1961-ல்தான் வந்தது. எடியின் ஆரம்பப் பதிவுகளைப் போலச் செய்யப் பலர் ஸ்பிரிங் ரிவெர்பைத் திருப்புகிறார்கள். கிடைப்பது கடலலைக் கிதார் ஒலி, சர்ஃப் கிதார்க்காரர் டிக் டேலின் ஊர் ஒலி. பாலைவனத்து ஒலி வராது.

ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) விஷயத்தில் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். எடி பயன்படுத்திய மேக்னடோன் ஆம்பைப் பிரித்து, திறனை 100 வாட் அளவுக்கு ஏற்றி, 15 அங்குல ஜே.பி.எல். ஸ்பீக்கர் போட்டிருந்தார்கள். இது சத்தத்துக்காகச் செய்ததல்ல. ஆறாம் தந்தியின் அடிச்சுரம் 82 ஹெர்ட்ஸ், ஐந்தாம் தந்தி 110. இந்தத் தாழ்ந்த அலைகளைச் சிதையாமல் வெளியேற்ற, மேல்ஸ்தாயிச் சுரங்களுக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு திறன் வேண்டும். 10, 15 வாட் ஆம்பில் ஆறாம் தந்தியை ஓங்கி அடித்தால் அது உடைந்து கரகரக்கும். ‘டங்’ போய் ‘புஸ்’ வரும். அதே 1958-ல் ‘ரம்பிள்’ வாசித்த லிங்க் ரே அந்தக் கரகரப்பைத்தான் தேடினார். ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டார். இருவரும் ஒரே ஆண்டு, ஒரே தாழ்ந்த தந்தி, ஆனால் நேர் எதிர்த் திசை.

வாசிக்க முனைபவர்களுக்கு, வேலை வரிசையாக.

முதலில் தந்தி. இன்று கடையில் கிதாரோடு வரும் 9–42 செட் (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) இதற்கு உதவாது. ஆறாம் தந்தி மெல்லியதாக இருந்தால், ஓங்கி அடித்த கணத்தில் சுருதி மேலே போய்விட்டுத் திரும்பும். தாழ்ந்த சுரத்தில் மெட்டு வாசிக்கும்போது அந்த வழுக்கல் எல்லாச் சுரத்தையும் பொய்யாக்கும். குறைந்தது 11–49, முடிந்தால் 12–52, மூன்றாம் தந்தி கம்பி சுற்றியதாக இருக்கட்டும். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். தந்தி மாற்றிய பின் இழுவிசை கூடும், கழுத்து முன்னால் வளையும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் கம்பியைக் கால் திருப்பு திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) சுருதி சரிபாருங்கள். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டு ‘ஏதோ சேரவில்லை’ என்று தவிப்பவர்கள் அதிகம்.

அடுத்து வலது கை. உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே, தடித்த பிக்கால், கீழ்நோக்கிய அடி மட்டும். பிரிட்ஜுக்கு அருகே அடித்தால் மேல்சுரங்கள் தூக்கலாக வரும், ஆதாரச் சுரத்தின் பாரம் குறையும். கழுத்துப் பக்கம் போனால் உருண்டு மொத்தையாகும். இரண்டுக்கும் நடுவே ‘டங்’ கேட்கும் ஓர் இடம் உங்கள் கிதாரில் இருக்கும், ஒரு சென்டிமீட்டர் அங்கே இங்கே நகர்த்தித் தேடுங்கள். வாசிக்காத தந்திகளை இடது கைவிரல்களால் தொட்டு அடக்க வேண்டும். பெட்டிக் கிதாரில் அவை தாமாகவே அதிரத் தொடங்கும், எதிரொலியில் அது சேற்றைக் கரைத்தது போலாகிவிடும்.

பிக்ஸ்பியை ஆட்டிக்கொண்டே இருப்பது எடி பாணி அல்ல. கைப்பிடியை லேசாக அழுத்திப் பிடித்தபடி தந்தியை அடித்து, உடனே விடுங்கள். சுரம் கீழிருந்து வழுக்கி ஏறித் தன் இடத்தில் உட்காரும். நம் காதுக்கு அது ஒரு சின்ன ஜாரு. பிறகு கார்வையின் பின்பாதியில் மட்டும் மெதுவான அசைவு. சுருதி திரும்பி வராமல் நின்றால் குற்றம் பெரும்பாலும் பிக்ஸ்பியில் இருக்காது. கழுத்தின் உச்சியில் தந்திகள் தங்கும் ‘நட்’ துண்டின் பள்ளத்தில் தந்தி சிக்கும். பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். தடித்த தந்தி போட்ட பிறகும் பள்ளம் பழைய அளவிலேயே இருந்தால் அரத்தால் சற்று அகலப்படுத்தத்தான் வேண்டும். மரப் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டப்படாமல் சும்மா நிற்கும் வகையாக இருந்தால், அது நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிரெமலோ பற்றி ஒரு குழப்பம் பல காலமாக உண்டு. பிக்ஸ்பி செய்வது சுருதி அசைவு, அதன் சரியான பெயர் வைப்ரேட்டோ. டிரெமலோ என்பது ஒலி அளவு கூடிக் குறைவது. ‘ரெபெல் ரவுசர்’ தொடக்கத்தில் நடுங்குவது இந்த டிரெமலோ. டிஆர்மண்ட் நிறுவனத்தின் அன்றைய டிரெமலோ பெட்டிக்குள் ஒரு மோட்டார் சிறு திரவக் குப்பியை ஆட்டும். திரவம் முள்ளைத் தொடும்போதெல்லாம் சிக்னலின் ஒரு பகுதி தரைக்கு வடிந்துவிடும். திரவம் அலைவதால் நடுக்கம் கத்தரித்தாற்போல இருக்காது, வழவழப்பாக இருக்கும். இன்றைய பெடலில் சதுர அலையைத் தவிர்த்து சைன் அலையைத் தேர்ந்தெடுங்கள், ஆழம் பாதியளவு, வேகம் வினாடிக்கு ஐந்தாறு துடிப்பு. பாட்டின் லயத்தோடு துல்லியமாகப் பூட்டத் தேவையில்லை, அந்தப் பெட்டி யாருடைய தாளத்துக்கும் கட்டுப்பட்டதில்லை.

வரிசை முக்கியம்: கிதார், டிரெமலோ, ஆம்ப், கடைசியில் எதிரொலி. நடுக்கத்தோடு வந்த ஒலிதான் தொட்டிக்குள் போனது, அதனால் வால் நடுங்காமல் நீளும். மாற்றிப் போட்டால் வாலும் துண்டு துண்டாகும். கணினியில் செய்பவர்கள் ‘சேம்பர்’ வகை ரிவெர்பை எடுத்து, நீளம் ஒன்று முதல் ஒன்றரை வினாடி, முன்தாமதம் பூஜ்யத்துக்கு அருகில் வைத்துத் தொடங்கலாம். எதிரொலித் தடத்தில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மொத்தப் பதிவும் கும்மென்று மூடிக்கொள்ளும். மூல கிதார்த் தடத்தில் மாத்திரம் அந்த வெட்டைப் போடக் கூடாது, எடியின் பாரம் முழுக்க அங்கேதான்.

பயிற்சிக்கு ‘பீட்டர் கன்’ நல்ல இடம். ஹென்றி மான்சினி தொலைக்காட்சித் தொடருக்காக அமைத்த மெட்டு. திரும்பத் திரும்ப வரும் அதன் அடிப்படைத் துணுக்கு ஆறாம் தந்தியிலேயே முடிந்துவிடும். ‘இ’ சுருதியில் வாசித்தால் ஃபிரெட் எண்கள்: 0, 0, 2, 0, 3, 0, 5, 4. எட்டும் சம அளவு, ஒரு பாருக்குள் (ஒரு தாளச் சுற்று) அடங்கும். விரலுக்கு ஒரு நாள் வேலை. எட்டு அடியும் ஒரே பலத்தில், அவசரப்படாமல், மூன்று நிமிடம் விழச் செய்வது ஒரு மாத வேலை. எடியை ‘சுலபம்’ என்று தள்ளியவர்கள் இந்த இரண்டாவது வேலையைச் செய்து பார்க்காதவர்கள்.

கிதார் மட்டும் பதிவாகாது. மெட்டு தாழ்ந்த ஸ்தாயியில் இருப்பதால் பாஸ் கிதாரோடு இடம் பிடிக்கும் சண்டை வரும். அதனால் எடியின் பதிவுகளில் பாஸ் எளிய நடையில் இருக்கும். மெட்டுக்கு மேலே காலியான பெரிய இடத்தை சாக்ஸபோன் எடுத்துக்கொள்ளும். பீனிக்ஸில் எடுத்த டேப்பை ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய், ‘ரெபெல் ரவுசர்’ மேல் கில் பெர்னலின் சாக்ஸபோனையும், பின்னாளில் ரிவிங்டன்ஸ் என்று பெயர் மாறிய குழுவின் கைத்தட்டலையும் கூச்சலையும் ஏற்றினார்கள். மேலும், மெட்டு அரைச் சுரம் அரைச் சுரமாகச் சுருதி ஏறிக்கொண்டே போகும். மெட்டு மாறவில்லை, ஆனால் காது சலிக்கவில்லை. அதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம்.

உடன் வாசித்தவர்கள் கிள்ளுக்கீரை அல்ல. அல் கேசி கிதார், பியானோ, பாஸ் எதையும் வாசிப்பார். ‘ராம்ராட்’ அவர் எழுதியது. ஸ்டீவ் டக்ளஸ், ஜிம் ஹார்ன், லாரி நெக்டல் எல்லாரும் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களின் தூண்கள். ஹேசல்வுட் வேலை செய்வதைப் பார்க்க, பின்னாளில் புகழ்பெற்ற தயாரிப்பாளரான ஃபில் ஸ்பெக்டர் பீனிக்ஸ் வரை வந்தார். ஹேசல்வுட்டின் கூட்டாளி லெஸ்டர் சில்லோடு சேர்ந்து 1961-ல் ‘ஃபில்லெஸ்’ இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியதும் ஸ்பெக்டர்தான்.

வெற்றிக்கு ஒலி மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எடியின் இசைத்தட்டுகளை வெளியிட்ட ஜேமி நிறுவனம் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தது. நாடு முழுக்கப் பதின்வயதினர் பார்த்த ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ நிகழ்ச்சியும் அங்கிருந்தே ஒளிபரப்பானது. அதை நடத்திய டிக் கிளார்க்குக்கு ஜேமியில் பங்கு இருந்தது 1960-ல் நாடாளுமன்ற விசாரணையிலேயே வெளிவந்தது. வாத்திய இசைக்கு அந்தத் திரை பெரிய வரம். 1959-ல் வந்த முதல் எல்.பி. ஐந்தாம் இடம், ‘ஃபார்ட்டி மைல்ஸ் ஆஃப் பேட் ரோட்’ ஒன்பதாம் இடம். 1960-ல் கிளார்க் நடித்த படத்துக்காக வந்த ‘பிகாஸ் தேர் யங்’ அமெரிக்காவில் நான்கு, பிரிட்டனில் இரண்டு. அதில் வயலின் கூட்டம் சேர்ந்திருக்கும். அந்த ஆண்டு பிரிட்டனின் என்.எம்.இ. இசை இதழின் வாசகர்கள், உலகின் முதன்மை இசைப் பிரமுகராக எல்விஸை விட்டுவிட்டு எடியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் கில்ட் நிறுவனம் அவர் பெயரில் இரண்டு கிதார் மாடல்கள் வெளியிட்டது. ராக் அண்ட் ரோல் கிதார்க்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பெயர் மாடல் அது.

இறக்கமும் அங்கேயே தொடங்கிவிட்டது. 1962-ல் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மாறி, பெண்குரல் கோரஸோடு வந்த ‘டான்ஸ் வித் த கிதார் மேன்’ அமெரிக்காவில் பன்னிரண்டு, பிரிட்டனில் நான்கு. அதன்பின் அந்த உயரத்துக்குப் போகவில்லை. 1964-ல் பிரிட்டிஷ் குழுக்கள் வந்து பாடகர்-வாத்தியக்காரர் என்ற பிரிவையே அழித்தன என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மை. மறுபாதி கசப்பானது: ஒரே ஒலியை அடையாளமாக்கிக்கொண்டவர் அதை விட்டால் ஆள் தெரியாது, விடாவிட்டால் அரைத்த மாவு. ட்விஸ்ட், சர்ஃப், பாப் டிலன் பாட்டு என்று ஒவ்வொரு அலைக்கும் ‘ட்வாங்’ போர்த்திய ஆல்பங்கள் வந்தன. அவற்றில் பலவற்றை இன்று வரலாற்றுக்காக மட்டுமே கேட்க முடிகிறது.

பிறகு இடைவெளி விட்டு விட்டு வந்தார். 1975-ல் ‘பிளே மீ லைக் யு பிளே யுவர் கிதார்’ பிரிட்டனில் ஒன்பதாம் இடம். 1986-ல் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் என்ற மின்னணு இசைக் குழுவோடு ‘பீட்டர் கன்’ மறுபதிவு. பிரிட்டனில் எட்டாம் இடம், கூடவே கிராமி. அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்தில் பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஜான் ஃபோகர்ட்டி, ரை கூடர் வாசித்தார்கள். 1994-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். 2011-ல் பாடகர் ரிச்சர்ட் ஹாலியோடு ஷெஃபீல்டில் ‘ரோட் டிரிப்’ ஆல்பம். 2024 ஏப்ரல் 30-ல், 86 வயதில் டென்னசியின் ஃபிராங்க்லினில் காலமானார்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு: ‘ரெபெல் ரவுசர்’ பதிவை முதலில் ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள், ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள். அன்று அது போய்ச் சேர்ந்தது காரிலும் ஜூக்பாக்ஸிலும் இருந்த ஸ்பீக்கர்களுக்குத்தான். பிறகு ஹெட்ஃபோன் போட்டு ஆரம்பத்தை மட்டும் நாலைந்து முறை ஓட்டுங்கள். டிரம்ஸ் நுழைவதற்கு முன் கிதார் தனியாக நிற்கும் அந்தச் சில வினாடிகளில்தான் தொட்டியின் வால் எதனாலும் மூடப்படாமல் கேட்கும்.